ஜோர்ஜ் ஹரிசன்: அகதிகளுக்காக மேடையேறிய கிட்டார் கலைஞர்

என் மாமாவிடம் ஒரு பழைய கசெற் றேடியோ இருந்தது. 90களின் நடுப்பகுதி. பற்றரி வன்னிக்குள் வராத காலம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, சிறுவர்கள் நாங்கள் மாறி மாறிப் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து மாமா பாட்டுக் கேட்பார். பெரும்பாலும் சினிமாப் பாட்டு. ஒரேயொரு கசெற்றில் மட்டும் ஆங்கிலப் பாட்டுகள் இருந்தன. அதில் ஒரு பாட்டில் அல்லேலூயாவும் வரும், ஹரே கிருஷ்ணாவும் வரும். இது வேதக்காரரின் பாட்டா எங்கடை பாட்டா என்று அம்மம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. தான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில் அந்தப் பாட்டு ஓயாமல் போகும் என்றும், பாடியவரின் பெயர் ஜோர்ஜ் ஹரிசன் என்றும் மாமா சொல்வார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

அந்தப் பெயரை நான் மறுபடி கண்டது பல்கலைக்கழகத்தில். ஊடகக் கற்கைக்கான வகுப்பு ஒன்றில், துயரத்தைப் படம்பிடிப்பது பற்றிய பாடத்துக்காக ஓர் இசைத்தட்டின் அட்டையைத் திரையில் போட்டார்கள். எலும்பும் தோலுமான ஒரு குழந்தை, உணவுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. தட்டு வெறுமையாக இருக்கிறது. 1971ஆம் ஆண்டு நியூயோர்க்கில் நடந்த பங்களாதேஷ் நிவாரண இசை நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு அது. முன்னின்று நடத்தியவர் ஜோர்ஜ் ஹரிசன்.

வகுப்பில் மற்றவர்கள் அந்தப் படத்தின் ஒளியமைப்பைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு வேறு ஞாபகம். 2009இல் முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்றபோது, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் ஆள் வந்து என் தம்பியைத் தட்டோடு நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் படம் எங்கே போனது, யார் பார்த்தார்கள், அதைப் பார்த்து யாராவது காசு கொடுத்தார்களா, கொடுத்த காசு எங்கே என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஆகவே இசைத்தட்டில் இருந்த குழந்தையைப் பற்றியும் அதே கேள்விதான் எனக்கு வந்தது. படம் எடுத்த பிறகு என்ன நடந்தது? அந்தக் கேள்வியோடுதான் ஹரிசனின் வாழ்க்கையைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

அவர் பிறந்தது 1943 பெப்ரவரி 25, இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில். இரண்டாம் உலகப் போர் இன்னும் முடியவில்லை. இரண்டு வருடம் முன்னர், 1941 மே மாதத்தில், ஜேர்மன் விமானங்கள் அந்த நகரத்தின் மேல் ஒரு வாரமாக இரவிரவாகக் குண்டு போட்டிருந்தன. இடிந்த வீடுகளுக்கிடையில் ஒளித்துப்பிடித்து விளையாடிய தலைமுறை அது. எங்கள் வாசகர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தகப்பன் முதலில் கப்பலில் வேலை பார்த்து, பிறகு பஸ் கொண்டக்டர் ஆனவர். தாய் கடையொன்றில் வேலை செய்தவர். நான்கு பிள்ளைகளில் ஜோர்ஜ் கடைசி. மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, கக்கூஸ் வெளியே முற்றத்தில், குளிருக்கு ஒரு நிலக்கரி அடுப்பு. அவருக்கு ஆறு ஏழு வயதாகும்போது நகரசபை கட்டிக்கொடுத்த வீடொன்றுக்குக் குடும்பம் மாறியது. பள்ளிக்கூடத்தில் கொப்பிகள் நிறையக் கிட்டார் படம் கீறிக்கொண்டிருந்த பிள்ளைக்கு, 1956இல் வீட்டில் ஒரு மலிவான ஒல்லாந்துக் கிட்டார் கிடைத்தது. தாய்தான் பக்கத்தில் இருந்து உற்சாகப்படுத்தியவர். விரல் வெடிக்கும்வரை பழகினார்.

பள்ளிக்கூட பஸ்ஸில் அறிமுகமானவர் ஒரு வகுப்பு மேலே படித்த போல் மக்கார்ட்னி. போல் அவரை ஜோன் லெனனிடம் கூட்டிப்போனார். ஜோனின் கண்ணுக்கு இவர் சின்னப் பொடியன். அப்போது ஜோர்ஜுக்குப் பதினைந்து வயது ஆகியிருந்தாலே பெரிய விடயம். ஒருநாள் பஸ்ஸின் மேல்தட்டில் வைத்து 'ரோன்ச்சி' என்ற கிட்டார் மெட்டை அச்சொட்டாக வாசித்துக் காட்டியதால்தான் சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சின்னப் பொடியன் என்ற பார்வை பிறகு எப்போதும் முழுமையாக மாறவில்லை என்பதுதான் அவருடைய இசை வாழ்க்கையின் பெரிய சிக்கல்.

படிப்பை விட்டு, கடையொன்றில் மின்சார வேலை பழகினார். 1960இல் குழுவோடு ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்துக்குப் போய், இரவு விடுதிகளில் விடியும்வரை வாசித்தார். 18 வயது ஆகவில்லை என்று அந்த நவம்பரில் பொலிஸ் பிடித்துத் திருப்பி அனுப்பியது. இரண்டே வருடத்தில் பீட்டில்ஸின் முதல் இசைத்தட்டு வந்தது. 1964இல் அவர்கள் அமெரிக்காவுக்குப் போய் இறங்கியபோது உலகத்திலேயே அதிகம் தெரிந்த நான்கு முகங்களில் ஒன்று அவருடையது. வயது இருபது, இருபத்தொன்று.

பீட்டில்ஸின் புகழைப் பற்றி எழுதாத ஆள் இல்லை. அதைத் தாண்டிப் போகிறேன். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் புகழுக்குள் அவர் இருந்த இடம்தான். குழுவின் பிரதான கிட்டார் அவருடையது. பாட்டுகளில் சேர்ந்து பாடும் மூன்றாவது குரலும் அவருடையது. ஆனால் பாட்டு எழுதுபவர்கள் என்று உலகம் அறிந்தது லெனனையும் மக்கார்ட்னியையும். ஹரிசன் எழுதியதில் ஓர் இசைத்தட்டுக்குப் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டுதான் எடுப்பார்கள். 1968இல் அவருடைய ஒரு பாட்டை நூறு தடவைக்கு மேல் ஒலிப்பதிவு செய்துவிட்டுக் கடைசியில் இசைத்தட்டில் சேர்க்காமலே விட்டார்கள். காசிலும் அதே கதை. பாட்டுகளின் உரிமையை வைத்திருந்த நிறுவனம் 1965இல் பங்குச்சந்தைக்கு வந்தபோது, லெனனுக்கும் மக்கார்ட்னிக்கும் தலா 15 வீதம். ஹரிசனுக்கும் மேளம் வாசித்த றிங்கோ ஸ்டாருக்கும் சேர்த்து 1.6 வீதம். அதைக் கிண்டலடித்து ஒரு பாட்டே எழுதினார்.

1965இல் ஒரு திரைப்படப் படப்பிடிப்பில், உணவகக் காட்சி ஒன்றுக்காக இந்திய வாத்தியக்காரர்களைக் கொண்டுவந்திருந்தார்கள். அங்கே கிடந்த சித்தாரை ஹரிசன் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு லண்டனில் ஒரு கடையில் மலிவாக ஒன்று வாங்கி, அந்த வருடமே ஒரு பீட்டில்ஸ் பாட்டில் வாசித்தார். முறையாகப் பழகாத கை என்பது கேட்டாலே தெரியும். ஆனால் மேற்கத்திய இளைஞர்கள் லட்சக்கணக்கில் அந்த ஒலியை முதன்முதலாகக் கேட்டது அதில்தான். 1966 ஜூனில் லண்டனில் ரவி சங்கரைச் சந்தித்தார். ரவி சங்கர் பீட்டில்ஸ் என்ற பெயருக்காக மயங்கிய ஆள் இல்லை. பழகுவதென்றால் முறையாகப் பழகவேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அதே செப்டெம்பரில் ஹரிசன் பம்பாய்க்குப் போய், ஹோட்டலில் வேறு பெயர் கொடுத்துத் தங்கினார். ஆட்கள் கண்டுபிடித்துக் கூட்டம் கூடியதும் காஷ்மீருக்குப் போய், ஏரியில் ஒரு படகுவீட்டில் இருந்து சித்தார் பழகினார்.

இரண்டு வருடத்தில் அவருக்கு ஒன்று விளங்கியது. சிறு வயதிலிருந்து ஒரு நாளைக்குப் பல மணிநேரம் சாதகம் செய்தவர்களின் பக்கத்தில் தான் ஒருபோதும் நிற்கமுடியாது. சித்தாரை வைத்துவிட்டுக் கிட்டாருக்குத் திரும்பினார். ஆனால் ரவி சங்கரை விடவில்லை. இருபத்து மூன்று வயது மூத்த அந்த மனிதர் அவருக்குக் குருவாகவும், தகப்பன் மாதிரியும், சாகும்வரை நண்பராகவும் இருந்தார். 1971இல் நடந்ததெல்லாம் இந்த உறவினால் நடந்தது.

அதற்கு முன் பீட்டில்ஸ் உடைந்தது. 1969 ஜனவரியில் ஒத்திகை நடுவில் ஹரிசன் எழும்பிப் போய்விட்டார். பன்னிரண்டு நாள் அளவில் திரும்பி வந்தார். அந்த வருடம் செப்டெம்பரில் வெளிவந்த 'அபே றோட்' இசைத்தட்டில் அவருடைய இரண்டு பாட்டுகள் இருந்தன. இன்று அந்தத் தட்டிலேயே அதிகம் பேர் தேடிக் கேட்பது அந்த இரண்டையும்தான் என்று நினைக்கிறேன். அதில் ஒன்றைப் பிராங்க் சினாட்ரா மேடைகளில் பாடி, உலகத்தின் மிகச்சிறந்த காதல் பாட்டு என்று புகழ்வாராம். எழுதியவர்கள் லெனனும் மக்கார்ட்னியும் என்றும் சேர்த்துச் சொல்வாராம்.

1970 ஜூலையில் தாய் புற்றுநோயால் இறந்தார். அந்த நவம்பரில், குழுவில் இடம் கிடைக்காமல் வருடக்கணக்காகச் சேர்ந்து கிடந்த பாட்டுகளை எல்லாம் கொட்டி, மூன்று தட்டுகள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டார். என் மாமாவின் கசெற்றில் இருந்த 'மை சுவீற் லோர்ட்' அதில்தான் வந்தது. பிரிந்துபோன நான்கு பேரில் முதன்முதலாக அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதலிடம் பிடித்தது அந்தச் சின்னப் பொடியனின் பாட்டு.

அதே நவம்பர், 12ஆம் திகதி இரவு, கிழக்குப் பாகிஸ்தானின் கரையோரத்தைப் போலா சூறாவளி அடித்தது. செத்தவர்கள் குறைந்தது மூன்று லட்சம் பேர் என்று கணிக்கப்படுகிறது. மேற்கிலிருந்த அரசாங்கம் நிவாரணத்தை இழுத்தடித்தது. டிசம்பர் தேர்தலில் கிழக்கு மக்கள் ஏறத்தாழ ஒருமனதாக ஷேக் முஜிபுர் ரஹ்மானின் கட்சிக்கு வாக்களித்தார்கள். முழு நாட்டிலும் பெரும்பான்மை அவருக்கு. ஆட்சியைக் கொடுக்கவில்லை. 1971 மார்ச் 25 இரவு டாக்காவுக்குள் இராணுவம் இறங்கியது. பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்களைச் சுட்டார்கள். எல்லை தாண்டி இந்தியாவுக்குள் ஓடிய மக்களின் தொகை அந்த வருடக் கடைசியில் ஒரு கோடிக்குக் கிட்ட வந்தது. மழைக்காலம் தொடங்க, முகாம்களில் வாந்திபேதி.

இலங்கைக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. இந்தியா தன் வானத்தால் பாகிஸ்தான் விமானங்கள் பறக்கக்கூடாது என்று தடுத்திருந்தது. ஆகவே மேற்கிலிருந்து கிழக்குக்குப் போன பாகிஸ்தான் விமானங்கள் கட்டுநாயக்காவில் இறங்கி எண்ணெய் அடித்துக்கொண்டு போயின. அந்த ஏப்ரலில்தான் இங்கே ஜே.வி.பி. கிளர்ச்சியும் நடந்தது. யார் யாருக்கு உதவி செய்தார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும்.

வோஷிங்டனும் வாய் திறக்கவில்லை. ஜனாதிபதி நிக்சனுக்கு சீனாவோடு இரகசியமாகப் பேசவேண்டி இருந்தது. அதற்கு வழிவிட்டவர் பாகிஸ்தானின் யாஹியா கான். ஜூலையில் கிசிஞ்சர் பீஜிங்குக்கு இரகசியமாகப் பறந்ததே பாகிஸ்தானில் இருந்துதான். டாக்காவில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட், தன் அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது என்று ஏப்ரலிலேயே கண்டனத் தந்தி அனுப்பியிருந்தார். அவரை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ரவி சங்கர் வங்காளி. காசியில் பிறந்தாலும் அவருடைய பூர்வீகம் கிழக்கு வங்காளம். அவருடைய குரு அலாவுதீன் கானும் அந்த மண்ணில் பிறந்தவர். ஓடிவந்த கூட்டத்தில் தூரத்துச் சொந்தங்களும் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஒரு நிகழ்ச்சி வைத்து 25,000 டொலர் சேர்க்கமுடியுமா என்பதுதான் அவருடைய யோசனை. அப்போது லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்த ஹரிசனிடம் அதைச் சொல்லி, வாசிக்கச் சில பத்திரிகைகளையும் கொடுத்தார். அவர் வாசித்துவிட்டு, செய்வதென்றால் பெரிதாகச் செய்வோம் என்று முடிவெடுத்தார்.

அடுத்த ஆறு கிழமை அளவு அவர் செய்த வேலை தொலைபேசி எடுப்பது. வாழ்நாளில் ஒருபோதும் முன்னுக்கு நின்று பாடியிராத, கூட்டத்துக்குப் பயந்த மனிதர் அவர். பீட்டில்ஸ் கடைசியாகக் காசுக்கு மேடையேறியதே 1966இல். றிங்கோ ஓம் என்றார். எரிக் கிளப்டன் ஹெரோயினுக்கு அடிமையாகிக் கிடந்தார்; ஒத்திகைக்கே வரவில்லை, கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தார். பொப் டிலான் வருவாரா என்று மேடையில் நிற்கும்வரை தெரியாது. பாட்டு வரிசை எழுதி ஹரிசன் தன் கிட்டாரில் ஒட்டியிருந்த துண்டில், டிலானின் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தது.

1971 ஓகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை, மடிசன் ஸ்குவயர் கார்டன். பகலில் ஒன்று, இரவில் ஒன்றாக இரண்டு காட்சிகள். மொத்தம் 40,000 பேர். முதலில் ரவி சங்கர், அலி அக்பர் கான், அல்லா ராக்கா. அவர்கள் சுருதி சேர்த்து முடித்ததும், அதையே ஓர் உருப்படி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. சுருதியே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று ரவி சங்கர் சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டுத் தொடங்கினார். பிறகு வெள்ளை உடுப்பில் ஹரிசன். டிலானும் வந்தார்.

சில நாள் முன்னர் ஹரிசன் வெளியிட்ட பாட்டின் பெயரே 'பங்களா தேஷ்' என்பது. இன்று அது சாதாரண சொல். அன்று அந்தப் பெயரில் ஒரு நாட்டை எந்தப் பெரிய அரசும் ஏற்றிருக்கவில்லை. இந்தியாகூட டிசம்பர் 6ஆம் திகதிதான் அங்கீகரித்தது. பத்திரிகைகள் பலவற்றில் கிழக்குப் பாகிஸ்தான், அகதிகள் பிரச்சினை, உள்நாட்டு விவகாரம். ஓர் இடத்தை என்ன பெயரால் எழுதுகிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்பது இந்த நாட்டில் செய்தி எழுதும் எங்களுக்குத் தெரியும். ஹரிசன் அரசியல் ஆராய்ந்து அந்தப் பெயரை எடுத்தாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். தன் நண்பரின் சனங்கள் தங்களை எப்படி அழைத்தார்களோ அப்படி அழைத்தார் என்றுதான் படுகிறது. ஆனாலும் நியூயோர்க் நகரத்தின் நடுவில், வோஷிங்டன் எந்தப் பக்கம் நின்றதோ அதற்கு எதிர்ப்பக்கத்துப் பெயர் பெரிய எழுத்தில் தொங்கியது.

போரை இது நிறுத்தியதா என்றால் இல்லை. ஒன்பது மாதம் முக்தி வாகினி போராடியது, டிசம்பரில் இந்திய இராணுவம் இறங்கியது, டிசம்பர் 16ஆம் திகதி பாகிஸ்தான் படை சரணடைந்தது. பாட்டுப் பாடி நாடு கிடைத்தது என்று சிலர் எழுதுவதைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

இனி, தட்டு. நுழைவுச்சீட்டு விற்ற காசு 243,418 டொலர் 50 சதம். அது சில நாட்களிலேயே யுனிசெப்பிடம் போனது. பெரிய காசு வரவிருந்தது இசைத்தட்டிலும் திரைப்படத்திலும்தான். மூன்று தட்டுகள் கொண்ட அந்தப் பெட்டியின் அட்டைக்குக் குழந்தையின் படத்தைப் போட நிறுவனத்துக்கு விருப்பமில்லை; ஹரிசன் விடவில்லை. யாருக்கு எவ்வளவு என்று நிறுவனங்கள் இழுபறிப்பட்டதால் வெளியீடு மாதக்கணக்கில் பிந்தியது. வந்தபின் அமோகமாக விற்றது. 1973இல் அந்த வருடத்தின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதும் கிடைத்தது.

எங்கள் ஊரில் கச்சேரி என்றால் இரண்டு அர்த்தம். பாடுகிற கச்சேரி ஒன்று, பைல் தூக்கிக்கொண்டு அலைகிற கச்சேரி ஒன்று. ஹரிசன் முதலாவதை ஐந்தாறு கிழமையில் நடத்தி முடித்தார். இரண்டாவது அவரைப் பத்து வருடம் அலைத்தது. நிகழ்ச்சியை முன்கூட்டியே ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயரில் பதிந்திருந்தால் வரி இல்லை. அதைச் செய்திருக்கவேண்டியவர் அவருடைய முகாமையாளர் அலன் கிளைன். செய்யவில்லை. அமெரிக்க வரித் திணைக்களம் கணக்குப் பார்க்கத் தொடங்கி, காசின் பெரும்பகுதியை முடக்கி வைத்தது. 1972இல் இரண்டு மில்லியன் டொலர் அளவு யுனிசெப்புக்குப் போனது. மிச்சத்தில் பெரிய தொகையான 8.8 மில்லியன் டொலர் போனது 1981இல். பிரித்தானியாவில் வேறு வரி; விலக்குக் கேட்டும் அரசாங்கம் இணங்கவில்லை. 1973இல் ஹரிசன் தன் சொந்தக் கணக்கில் இருந்து பத்து லட்சம் பவுணுக்குக் காசோலை எழுதி அதைக் கட்டினார்.

இந்த இரண்டு வருடங்களுக்கும் நடுவில், 1974இல், பங்களாதேஷில் பஞ்சம் வந்து பெருந்தொகையானவர்கள் செத்தார்கள். அந்தச் சனங்களின் பெயரில் சேர்ந்த காசு அப்போது நியூயோர்க்கில் முடங்கிக் கிடந்தது. ஹரிசனின் வாழ்க்கையில் எனக்குத் தாங்கமுடியாமல் போன இடம் இது. அட்டைப்படக் குழந்தை உயிரோடு இருந்திருந்தால் 1981இல் பத்து வயதைத் தாண்டியிருக்கும்.

இதில் ஹரிசனின் பிழை எவ்வளவு? அவர் ஒரு சதம் எடுக்கவில்லை. சொந்தக் காசும் போட்டார். ஆனால் கிளைனை நம்பிக் கணக்கை விட்டது அவர்தான். கிளைனை வேண்டாம் என்று மக்கார்ட்னி நீதிமன்றம்வரை போனபோது, கிளைனின் பக்கம் நின்றவர்களில் ஹரிசனும் ஒருவர். நல்ல மனது இருந்தால் போதும், பத்திரங்களை யாராவது பார்ப்பார்கள் என்ற நினைப்பு. பிற்காலத்தில் ஆபிரிக்கப் பஞ்சத்துக்காக 1985இல் பொப் கெல்டோவ் பெரிய நிகழ்ச்சி நடத்தத் தயாரானபோது, காசு விடயத்தில் என்னென்ன கவனிக்கவேண்டும் என்று ஹரிசன் அவருக்கு எடுத்துச் சொன்னார்.

கிளைனின் கதை அதோடும் முடியவில்லை. 'மை சுவீற் லோர்ட்' பாட்டின் மெட்டு ஒரு பழைய அமெரிக்கப் பாட்டின் மெட்டு என்று வழக்கு. ஹரிசன் தெரியாமலே, உள்மனதில் கிடந்த மெட்டை எடுத்திருக்கிறார் என்று 1976இல் நீதிபதி தீர்ப்பளித்தார். அந்த வழக்கில் ஹரிசனுக்காக ஓடித்திரிந்த கிளைன், விலகிய பிறகு, அந்தப் பழைய பாட்டின் உரிமையை வாங்கி எதிர்த்தரப்பாக வந்து நின்றார்! வாங்கிய விலையான 587,000 டொலருக்கு மேல் கிளைன் இலாபம் பார்க்கக்கூடாது என்று நீதிமன்றம் 1981இல் சொல்லவேண்டி வந்தது.

இதையெல்லாம் வாசித்த நாட்களில் மாமாவைப் போய்ப் பார்த்தேன். போனில் அந்த நியூயோர்க் நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினேன். தாடியும் வெள்ளை உடுப்புமாகத் தன் பாட்டுக்காரனை முதன்முதலாகப் பார்த்த மாமா கேட்டது ஒன்றே ஒன்று: சேர்த்த காசு அந்தச் சனத்துக்குப் போனதா என்று. போனது, பத்து வருடம் பிந்திப் போனது என்றேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை.

1971க்குப் பிறகு ஹரிசன் அந்த உயரத்துக்கு மறுபடி போகவில்லை. 1974இல் ரவி சங்கரையும் இந்திய வாத்தியக்காரர்களையும் கூட்டிக்கொண்டு அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். தொண்டை கட்டிப்போய் இருந்தது. பழைய பீட்டில்ஸ் பாட்டுக் கேட்க வந்த கூட்டம் பொறுமை இழந்தது. பத்திரிகைகள் கிழித்தன. நடுவழியில் ரவி சங்கருக்கு மாரடைப்பு. முதல் மனைவி பட்டி, நண்பர் கிளப்டனோடு போனார். அந்த நட்பு அதற்குப் பிறகும் நீடித்தது பலருக்கு இன்னும் விளங்காத விடயம். 1978இல் ஒலிவியாவைக் கலியாணம் செய்தார். ஒரே மகன் பிறந்தது அந்த வருடம், ஓகஸ்ட் 1ஆம் திகதி.

ஹென்லியில் இருந்த தன் பெரிய பழைய வீட்டின் தோட்டத்தில் மண் கிண்டிக்கொண்டு இருப்பதுதான் அவருக்குப் பிடித்த வேலையாகிவிட்டது. 1980இல் வெளியிட்ட தன் புத்தகத்தைத் தோட்டக்காரர்களுக்குத்தான் சமர்ப்பித்தார். நகைச்சுவைக் குழுவொன்றின் படத்தை நிறுவனம் கைவிட்டபோது, அந்தப் படத்தைப் பார்க்கவேண்டும் என்ற ஆசையில் வீட்டையே அடகு வைத்துக் காசு கொடுத்தார். 1988 ஜனவரியில் அவருடைய பாட்டொன்று மறுபடி அமெரிக்காவில் முதலிடம் வந்தது. அதே வருடம் டிலானோடும் வேறு மூன்று நண்பர்களோடும் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார். யார் முதல், யார் மூன்றாவது என்ற கணக்கு இல்லாத குழு. கேட்டால் சிரிப்புச் சத்தம் உள்ளே இருப்பது தெரியும்.

90களின் நடுவில் ரவி சங்கர் மந்திரங்களையும் சுலோகங்களையும் இசையமைத்தபோது, அதைத் தயாரித்தவர் ஹரிசன். ஒரு பகுதியைச் சென்னையில் ஒலிப்பதிவு செய்தார்கள். மிச்சம் ஹென்லி வீட்டில். 1997இல் அது வெளிவந்தது. அந்த வருடமே தொண்டையில் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள்.

1980 டிசம்பரில் லெனனை நியூயோர்க்கில் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்ற நாளிலிருந்து ஹரிசனுக்கு உள்ளே ஒரு பயம் இருந்தது. 1999 டிசம்பர் 30 அதிகாலை, மனநோயால் பாதிக்கப்பட்ட ஒருவர் வீட்டுக்குள் புகுந்து அவரைக் கத்தியால் பலமுறை குத்தினார். நுரையீரல் கிழிந்தது. ஒலிவியா அடுப்புக் கம்பியாலும் மேசை விளக்காலும் அடித்துத்தான் புருஷனைக் காப்பாற்றினார். பிழைத்தார். ஆனால் புற்றுநோய் திரும்பி வந்து, நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியது. 2001 நவம்பர் 29, லொஸ் ஏஞ்சல்ஸில், 58 வயதில் இறந்தார்.

சரியாக ஒரு வருடம் கழித்து லண்டன் அல்பேர்ட் மண்டபத்தில் கிளப்டனும் றிங்கோவும் மக்கார்ட்னியும் அவருடைய பாட்டுகளைப் பாடினார்கள். 82 வயதான ரவி சங்கர் அவருக்காக ஒரு படைப்பை இசையமைத்து, தன் மகள் அனுஷ்காவைக் கொண்டு நடத்துவித்தார். 2005இல் ஒலிவியாவும் யுனிசெப்பும் சேர்ந்து ஹரிசனின் பெயரில் ஒரு நிதியம் தொடங்கினார்கள். குழந்தையின் படம் போட்ட அந்த இசைத்தொகுப்பு விற்கும் காசு இப்போது அதற்குப் போகிறது.